வெறியாட்டும் தாயின் மையலும்

அகப்பொருள் இலக்கியத்துள் வெறியாட்டு என்னும் துறை, கற்பார்க்கு நகை விளைக்கும் துறையாகவே பெரும்பாலும் பயிற்றப்பட்டு வருகின்றது. மகள் களவொழுக்கத்தால் மெலிகின்றாள். அம்மெலிவின் காரணத்தைத் தாய் அறியாள். கட்டுவிச்சியை அழைத்து நெல்லைப் பரப்பிக் குறி கேட்கின்றாள். வேலன் வந்து கழங்கு பார்த்து, இது முருகணங்கு என்கின்றான். களம் இழைக்கப்படுகின்றது; மறி அறுக்கப்படுகின்றது. உண்மை அறிந்த தோழி உள்ளூர நகுகின்றாள்; அவளோடு நாமும் நகுகின்றோம். இந்நகை பாடல்களுள் உள்ளதே. நாம் புனைந்து ஏற்றியது அன்று. ஆயினும் நம் ஆராய்ச்சி அந்நகையோடு நின்றுவிட்டது. தாயின் அறியாமையைச் சுட்டிக் காட்டியதும் துறை விளங்கிவிட்டதாக நாம் கொண்டுவிட்டோம். அவ்வறியாமை எத்தகையது, அதனுள் அவள் எவ்வாறு இருந்தாள் என்னும் வினாக்கள் எழுப்பப்பட்டில. அவற்றை எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஒரு தடையை நீக்கிக் கொள்ளுதல் நலம். தலைவியின் நோய் காமநோய்; அதனை மனநோய் என்று கூறுதல் திணைமயக்கம் அன்று, பொருள்மயக்கமே ஆகும் என்பர். உண்மை. தலைவி நோயுற்றவள் என்று யாம் கூறவில்லை. தலைவியைப் பற்றி எதனையுமே கூற வரவில்லை. நேற்றுவரை ஒருபடியாக இருந்த மகவு இன்று வேறுபடியாக இருப்பதைக் கண்டு, காரணம் அறியாது, கேட்டாரை எல்லாம் கேட்டு நிற்கும் தாயின் நிலை ஒன்றே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். அந்நிலை, மகளின் நோய் காமமே ஆயினும், சிதைவே ஆயினும், அறியாத தாய்க்கு ஒன்றுதான்.

இதற்கு முதற்சான்று குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகளை உடைய இப்பாட்டினைக் கபிலர் ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குப் பாடினார் என்பது மரபு. தோழி செவிலியை நோக்கி அறத்தொடு நிற்கும் இப்பாட்டின் தொடக்கத்தை நாம் விரைந்து கடந்து, மலர்ப்பட்டியலுக்கும் மாலைக்காட்சிக்கும் சென்றுவிடுகின்றோம். அத்தொடக்கத்துள் தோழி கூறுவது யாது? என் தோழியின் நோய்க்காக நீ அறிந்தாரை எல்லாம் வினவினாய்; வாழ்த்தினாய்; தொழுதாய்; மலர் தூவினாய்; வெவ்வேறு வடிவினவாகிய தெய்வங்களைப் பேணிப் புகையும் சந்தனமும் படைத்தாய்; ஆயினும் அறியமாட்டாத மயக்கத்தோடு நீயும் வருந்துகின்றாய் என்கின்றாள். இங்கே தாயின் நிலைக்குக் கபிலர் இட்ட சொல் ‘மையல்’ என்பது. மையல் என்னும் சொல் பித்தினையும் குறிக்கும். மணிமேகலையுள் அப்பொருளில் அது வருதலைப் பின்னர்க் காண்போம். நோயுற்றவள் எனப்படுபவள் மகள். மையலுற்றவள் என்று குறிக்கப்படுபவளோ தாய். ‘நீயும்’ என்பதன் உம்மையும் கருதத்தக்கது. மகளோடு ஒப்ப நீயும் என்பது அவ்வும்மையின் பொருள். ஒரு வீட்டில் ஒருவர்க்கு வந்த நோய் ஒருவரோடு நில்லாது என்பதைக் கபிலர் ஓர் உம்மையில் வைத்தார். இவ்விடத்தில் தோழியின் குரலில் நகை சிறிதும் இல்லை.

இனி, தொல்காப்பியத்திலிருந்து ஒரு செய்தி. களவியலுள் செவிலி கூற்று நிகழும் இடங்களைத் தொகுக்கும் ஆசிரியர், கட்டினையும் கழங்கினையும் வெறியினையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எனவே இது புலவர் சிலரின் வேடிக்கை அன்று; தாய் பேசுதற்கு இலக்கணம் வகுத்த இடமே ஆகும். செய்யுளியலுள் மற்றொரு நூற்பா, அகப்பாட்டில் யார் யார்க்கு நேர்க்கூற்று இல்லை என்பதை வரையறுக்கின்றது. ஊரார்க்கு இல்லை, அயலார்க்கு இல்லை, சேரியார்க்கு இல்லை, தந்தைக்கும் தமையனுக்கும் இல்லை. பிறர் எடுத்துக் கூறும்போது அவர்தம் சொல் கேட்கப்படுமேயன்றித் தாமே பேசார். இவ்வரிசையின் இடையே ‘நோய்மருங்கு அறிநர்’ என்று ஒருவரையும் ஆசிரியர் வைத்துள்ளார். நோயின் பக்கத்தை அறிந்தோர் எவரோ அவர்க்கும் பேச்சு இல்லை. தந்தை பேசான், அறிந்தவர் பேசார், ஊர் அலர் தூற்றுமேயன்றி நம் முன் வந்து பேசாது. எஞ்சுவோர் உண்மையை மறைக்கும் தோழியும், உண்மை அறியாத தாயருமே. இது செய்யுள் மரபு பற்றிய விதி. வாழ்க்கை பற்றிய விதி அன்று. ஆயினும் இந்நூற்பாவைப் படிக்குந்தோறும் நோயாளி உள்ள வீடுகள் பலவற்றின் கூடம் எம் கண்முன் வருகின்றது. திண்ணையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் தந்தையும், உள்ளே வருவார் போவாரிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் தாயும் அங்கே இன்றும் உளர்.

வெறியாட்டினைப் பாடியமையாலேயே பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூற்றில் 22-ஆம் பாட்டும் 98-ஆம் பாட்டும் இவருடையன. முன்னதையே நாம் மிகுதியும் எடுத்தாள்கின்றோம். வேலன் களம் அமைத்து நள்ளிரவில் வெறியாட, அதே இரவில் காவலர் அறியாதபடி தலைவன் வந்து கூட, நோய் தணிகின்றது. யாதொரு தொடர்பும் இல்லாத வேலன்பொருட்டு வெறி வீணாயினமை கண்டு தலைவி நகுகின்றாள். துறை முழுவதற்கும் இப்பாட்டே நிறம் கொடுத்துவிட்டது. குறுந்தொகை 362-இல் மறியின் குருதிப்பலியை மலைநாடன் மார்பும் உண்ணுமோ என்று தோழி வேலனைக் கேட்பதும், நற்றிணை 34-இல் கடவுளே ஆயினும் நீ அறிவிலி என்று முருகனையே அவள் பழிப்பதும் இந்நிறத்தோடு நன்கு பொருந்துவன. இவை சுவையானவை, இவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர்.

98-ஆம் பாட்டின் நிலை வேறு. குறிசொல்லும் முதுபெண்டிர் பிரப்பரிசி பரப்பி இது முருகனால் வந்தது என்கின்றனர். தாய் அதனை மெய்யெனக் கொள்கின்றாள். கொண்டு, அவள் செய்யும் வேண்டுதல் ஒன்று அப்பாட்டினுள் உள்ளது. ஓவியம் போன்ற வீட்டில் பாவை போன்று இருந்த என் மகளுக்குப் பண்டை அழகு பண்டுபோல் மிகுக என்பதே அது. செல்வம் வேண்டினாள் அல்லள். நல்ல மணவாளனை வேண்டினாள் அல்லள். பண்டு இருந்தபடி இருத்தல் வேண்டும் என்பது ஒன்றே வேண்டினாள். பாட்டின் போக்கில் இது தலைவியின் இடர்ப்பாட்டைக் கூறுதற்கு வைத்த ஒரு படியே. வெறியால் அழகு மீளாவிடின் அலர் பெருகும். மீளுமாயின், நோய் வேறொன்றாக இருந்தது என்று தலைவன் கேட்பின் தான் உயிர் வாழ்தல் அரிது என்பது அவள் கவலை. ஆயினும் புலவர் அவ்வேண்டுதலைத் தாயின் வாய்மொழியாகவே எடுத்து வைத்தார். ஒரே புலவர், ஒரே துறை. ஒரு பாட்டில் மகளின் நகை, மற்றொரு பாட்டில் தாயின் வேண்டுதல். இரண்டாவதை விடுத்து முதலாவதையே துறையின் இயல்பாகக் கூறிவருதல் நம் குறையேயன்றிப் புலவர் குறை அன்று.

இக்குறை எம்முடையதுமாம் என்பதை ஒளித்தல் முறையன்று. பன்னீராண்டுகள் யாமும் வேலனைக் காட்டி மாணவரை நகைக்க வைத்தோம். எம் தமக்கையின் மகன் தன் பத்தொன்பதாம் அகவையில் உறக்கம் ஒழிந்தான். வானொலியில் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்றான். உணவில் ஏதோ கலந்துள்ளது என்று தட்டை ஒதுக்கினான். தமக்கை படித்தவள், பள்ளி ஆசிரியை. அவள் முதலில் மருத்துவரிடம் செல்லவில்லை. கோடாங்கியிடம் சென்றாள், பிறகு ஒரு கோயிலில் மகனோடு ஒரு மண்டலம் தங்கினாள், கைவளை இரண்டனை விற்றாள், அதன் பின்னரே மருத்துவமனை. அண்டை வீட்டார் கேட்டபோது, அவன் தேர்வுக்குப் படிக்கின்றான் என்றாள். அவ்வாண்டு வகுப்பில் வெறிவிலக்கு வந்தபோது வழக்கமான இடத்தில் மாணவர் நகைத்தனர். எமக்குப் பாடத்தைத் தொடர இயலவில்லை. இதனை இரக்கம் வேண்டி எழுதவில்லை. பாட்டினைப் படிப்பவர் நிற்கும் இடம் மாறினால் பாட்டில் தெரியும் பகுதியும் மாறும் என்பதற்கு எம்மிடம் உள்ள சான்று இது ஒன்றே ஆதலின் எழுதினோம்.

சங்க அகத்தின் தாயை ஆழ்வார் மேற்கொண்டபோது துறையின் அமைப்பு மாறிற்று. திருவாய்மொழியுள் தாய்ப்பாசுரங்களாக அமைந்த பதிகங்களில் நான்காம் பத்தின் நான்காம் திருவாய்மொழியும், ஐந்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியும், ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியும் ஈண்டுக் கொள்ளத்தக்கன. முதலாவதில் தாய் மகளின் செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக உரைக்கின்றாள். மண்ணைத் துழாவி இது வாமனன் மண் என்கின்றாள். விண்ணைத் தொழுது அவன் இருக்கும் இடம் என்கின்றாள். தீயைத் தழுவி அச்சுதன் என்கின்றாள். காற்றைத் தழுவிக் கோவிந்தன் என்கின்றாள். செல்லும் பாம்பின் பின்னே ஓடி அவன் படுக்கை என்கின்றாள். திருநீறு இட்டவரைக் கண்டால் அடியார் என்று ஓடுகின்றாள். ‘பித்து’ என்னும் சொல்லையே தாய் இப்பதிகத்துள் ஆள்கின்றாள்.

பொருள் அறிந்தார்க்கு இஃது எல்லாவற்றிலும் இறைவனைக் காணும் பேரன்பின் நிலை. அதில் ஐயமில்லை. ஆனால், உவமையும் உருவகமும் கூறும் புலவராக மட்டும் ஆழ்வாரை நோக்குவோர் ஒன்றனைக் காணத் தவறுவர். தாயின் கண் எங்கெங்குச் செல்கின்றது என்று பாருங்கள். அவள் தீயைச் சொல்கின்றாள், பாம்பைச் சொல்கின்றாள், தெருவில் செல்லும் அயலாரைச் சொல்கின்றாள். மகள் எரியைத் தழுவினும் உடல் வேகவில்லை என்று அவள் கூறுவதில், அருகே சென்று தொட்டுப் பார்த்த கை தெரிகின்றது. இரவும் பகலும் ஒருவரைக் கண்காணித்தவரே இவ்வாறு எண்ணிச் சொல்லல் இயலும். அறையின் தாழ்ப்பாள், அடுப்பின் நெருப்பு, கிணற்றின் வாய், தெருக்கதவு என்று நாளெல்லாம் எண்ணிக் கொண்டிருப்போர் இதனை எளிதில் அறிவர்.

ஐந்தாம் பத்துப் பதிகத்தில் மகள் இறைவனாகவே பேசுகின்றாள்: கடல்சூழ் உலகைச் செய்தவள் யானே, அதனை அளந்தவள் யானே, எனக்கு உற்றார் எவரும் இல்லை, எல்லாரும் எனக்கு உற்றார். உரையாசிரியர் இதற்குக் கண்ணனைப் பிரிந்த ஆயர் மகளிர் அவனைப் போலவே செய்துகாட்டிய நிலையை ஒப்பாகக் காட்டுவர். அவ்விளக்கம் மகளின் கூற்றுக்கு முற்றும் பொருந்துவதே. தாயின் கூற்றுக்கு? அவள் இறைவனை நோக்கிப் பேசவில்லை; உலகத்தாரை நோக்கிப் பேசுகின்றாள். உங்களுக்கு இதனை என்னென்று சொல்வேன் என்பது ஒவ்வொரு பாசுரத்தும் மீண்டும் மீண்டும் வருகின்றது. உலகத்தார் கேட்டிருக்கின்றனர், அவள் விடை கூற வேண்டியிருக்கின்றது, அவளிடம் விடை இல்லை. தேர்வுக்குப் படிக்கின்றான் என்ற எம் தமக்கையின் பொய்யும், என் சொல்வேன் என்ற இத்தாயின் மெய்யும் ஒரே வினாவுக்கு வந்த விடைகளாகவே எமக்குத் தோன்றுகின்றன.

ஏழாம் பத்தில் அவள் உலகத்தாரை விட்டுவிடுகின்றாள். நேரே திருவரங்கத்தானை நோக்கி, இவள் திறத்தில் நீ நினைந்திருப்பது யாது என்று கேட்கின்றாள். கேள்வி பத்துப் பாசுரங்களிலும் ஓயவில்லை. சங்கத்தாய் தெய்வத்திடம் வேண்டினாள். ஆழ்வாரின் தாய் தெய்வத்தைக் கணக்குக் கேட்கின்றாள். ஆசாரிய இருதயம் தோழி, தாய், மகள் என்னும் மூன்று நிலைகளை முறையே உணர்த்தி, துணிவு, பதற்றம் என்று பெயரிட்டு விளக்கும். தாய்க்கு இட்ட பெயர் துணிவு என்பது. இறைவனே வழி என்று உறுதி கொள்ளுதலே சமய நூலார் கருதிய துணிவு. யாம் அதனை வேறு பொருளில் திரிக்க விரும்பவில்லை. ஆயினும், மையலும் துணிவும் ஒருத்திக்கே பெயராயின என்பது குறித்துக் கொள்ளத்தக்கது.

தாயை நகுதல் ஒருபுறமிருக்க, தாயைப் பழித்தல் என்பதும் உண்டு. அது நம் நாட்டில் தோன்றிய கொள்கை அன்று. 1948-இல் அமெரிக்காவில் வாழ்ந்த மனநல மருத்துவர் பிரீடா பிராம்-ரைக்மன், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் இயல்பே காரணமாகலாம் என்னும் கருத்துடைய ஒரு தொடரை வழங்கினார். அத்தொடர் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேலைநாட்டு மருத்துவர் பலர் வாயில் நின்றது. குளிர்ந்தும் அடக்கியும் வளர்த்த தாய் பிள்ளையின் அறிவைச் சிதைத்தாள் என்றனர். பின்வந்த ஆய்வுகள் அதனை நிலைநிறுத்தவில்லை. பிறப்புக்கூறு, மூளை வளர்ச்சி, சூழல் அழுத்தம் ஆகியன கலந்து விளையும் நோய் அது என்றே இன்று கொள்கின்றனர். தாயின் பழி நூல்களிலிருந்து நீங்கிற்று. வீடுகளிலிருந்து நீங்கிற்றா என்பது வேறு. அக்காலத்திலேயே வேறுவகையாக எண்ணியோரும் இருந்தனர். 1950-களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், நோயாளியின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் உடன் தங்கவைத்து அவர்களையும் மருத்துவத்தில் பங்குகொள்ளச் செய்தார். வேலூரிலும் சுற்றத்தார் உடன் தங்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. தாயைக் காரணமாகக் காணாது துணையாகக் கண்டமை இதன் சிறப்பு.

வெறியாட்டு பழங்காலத்தோடு ஒழிந்தது என்பாரும் உளர். 2001 ஆகத்துத் திங்கள் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியதில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். நலம் பெறுவர் என்னும் நம்பிக்கையோடு குடும்பத்தார் கொண்டுவந்து விட்டோர் அவர்களுள் பலர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடை செய்தது. கொண்டுவந்து விட்ட தாயரை அறிவிலிகள் என்று கூறிக் கடத்தல் எளிது. அவர்கள் எத்தனை வாயில்களில் ஏறி இறங்கிய பின் அங்கு வந்தனர் என்று கேட்டார் சிலரே.

காதலும் பத்தியும் அல்லாத இடத்தில், உண்மைச் சிதைவை நம் பழைய இலக்கியம் எவ்வாறு நோக்கிற்று? இங்கே சான்றுகள் மிகச் சில. புறநானூற்று 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட்பிறப்பின் எண்வகைக் குறைகளை எண்ணுங்கால் இறுதியில் ‘மருள்’ என ஒன்றனை வைத்தார். குருடும் செவிடும் கூனும் நிற்கும் வரிசையில் அது ஒரு சொல், அவ்வளவே. மருளுற்றோனுக்கு வீடு உண்டா, தாய் உண்டா என்பதற்கு அங்கே இடமில்லை. மகளின் காமநோய்க்கு நூற்றுக்கணக்கான அடிகளில் பேசிய தாயர், இந்நோய்க்கு வாய்திறவாது போயினர்.

மணிமேகலை மலர்வனம் புக்க காதையில் புகார் நகர்த் தெருவில் பித்தன் ஒருவன் வருகின்றான். அலரியும் எருக்கும் சூடி, கந்தலும் சுள்ளியும் உடுத்து, அழுது, விழுந்து, அரற்றி, தொழுது, ஓடி, ஒருபுறம் ஒதுங்கி நின்று, தன் நிழலோடு சண்டையிடுகின்றான். சாத்தனார் அவனை ‘மையல் உற்ற மகன்’ என்கின்றார். அவன் பின்னே நின்று வருந்தி நோக்குவோரும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்று சேர்த்துக் கூறுகின்றார். கல்லெறிவோரைப் பாடாது வருந்துவோரைப் பாடியமை அவர் பெருமை. மகன் என்பது ஈண்டு ஆண்மகன் என்னும் பொருட்டே. புதல்வன் என்று கொள்ளுதற்கு இடமில்லை. எம் தமக்கை ஒருநாள் எம் மேசைமேல் கிடந்த நூலில் இப்பகுதியைப் படித்துவிட்டு, இவன் தாய் எங்கே என்று கேட்டாள். சொல்லின் பொருளை அவளுக்கு விளக்கினோம். அவள் கேட்டது அதுவன்று.

அதே காப்பியத்தில், மூன்று காதைகள் கடந்து, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் ஒரு தாய் வருகின்றாள். சார்ங்கலன் என்னும் பார்ப்பன இளைஞன் தனியே சுடுகாட்டினுட் புகுந்து, பிணத்தின் தலையை ஏந்திப் பேய் ஆடக் கண்டு, நடுங்கி ஓடிவந்து, பேய்க்கு உயிர் கொடுத்தேன் என்று தாயிடம் சொல்லி விழுந்து இறக்கின்றான். தாய் கோதமை அவனை எடுத்துத் தழுவிக் கொண்டு கோட்டத்தின் வாயிலுக்கு வந்து நள்ளிரவில் சம்பாபதியை அழைக்கின்றாள். இஃது அச்சத்தால் வந்த சாவு. நெடுநாள் நோய் அன்று. ஆயினும், மகனுக்கு நேர்ந்ததன் காரணத்தை அறிய வேண்டித் தெய்வத்தின் கதவைத் தட்டும் தாய் என்ற அளவில், வெறிக்களத்துத் தாயின் உறவினளே இவளும்.

தெய்வம் கூறும் விடை வியப்புக்குரியது. அணங்கும் பேயும் உயிரை உண்பன அல்ல என்று சம்பாபதி தெளிவாகக் கூறுகின்றாள். வேலனும் கட்டுவிச்சியும் கூறியதற்கு நேர்மாறான கூற்று இது. அதுவும் தெய்வத்தின் வாயிலிருந்தே. மகனின் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு அவன் முன்வினை உயிரைக் கொண்டுபோயிற்று என்பது அவள் கூறும் காரணம். அக்காரணம் நமக்கு ஏற்புடையதோ அன்றோ, பேயின் மேலும் தாயின் மேலும் பழி ஏற்றாமை குறிப்பிடத்தக்கது. கோதமை அமைதியடையவில்லை. என் உயிரைக் கொண்டு இவன் உயிரைத் தா. கண்ணற்ற என் கணவனை இவன் காப்பான் என்கின்றாள். எமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார் என்று மனநோயுற்றோரின் பெற்றோர் நாள்தோறும் கேட்கும் வினாவை அவள் மறுபுறமாகக் கேட்கின்றாள்.

இங்கே சம்பாபதி செய்வதனைக் கருதுக. அறியாது பேசுகின்றாய் என்று அவளைக் கடியவில்லை. உயிர்க்கு உயிர் மாற்றித் தருதல் எத்தெய்வத்தாலும் இயலாது என்பதை அவளுக்குக் காட்டும்பொருட்டுச் சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் அவள்முன் கொணர்ந்து நிறுத்துகின்றாள். அத்தனை பேரும் வந்து இயலாது என்று சொன்ன பின்னரே கோதமை துயர் நீங்கி, மகனை ஈமத்தில் இட்டுத் தானும் உயிர் துறக்கின்றாள். ஒரு தாயின் கேள்விக்கு விடை சொல்லத் தெய்வங்கள் எல்லாம் திரண்டு வந்த இடம் வேறொன்று நம் காப்பியங்களுள் உள்ளதாக எமக்குத் தெரியவில்லை. அந்நிகழ்ச்சியின் நினைவாகவே சக்கரவாளக் கோட்டம் மயனால் அமைக்கப்பட்டது என்கின்றது காப்பியம்.

ஏட்டிலக்கியத்துள் கிடைத்தவை இவ்வளவே. பேயோட்டும் கோடாங்கிப் பாட்டிலும், தாலாட்டிலும், ஒப்பாரியிலும் தாயர் இது குறித்துப் பாடியன உளவாதல் கூடும். நோயுற்ற மகவை உடைய வீட்டில் அவற்றைக் கேட்டுப் பதிவு செய்வோர், பாடுவோரின் இசைவு பெற்றும், பெயரை மறைத்தும் செய்தல் வேண்டும். அப்பணி தனியே செய்தற்குரியது.